சிறைச் சுவரில் ஒரு சோலை

கோலாலம்பூர் ஹாங் துவா நிலையம் நம்மில் பலருக்குப் பழக்கமான இடம். எல்.ஆர்.டி.யும் மோனோரயிலும் சந்திக்கும் அந்த நிலையத்தில் இறங்கி, லாலாபோர்ட் பேரங்காடியை நோக்கி நடந்தால், கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே பழைய கோட்டை வாயில் போல ஒன்று நிற்பதைப் பார்க்கலாம். அதைச் சுற்றி அங்காடி, அடுக்குமாடி வீடுகள், இசை நிகழ்ச்சி அரங்கம். தலையை நிமிர்த்தினால் தூரத்தில் மெர்டேக்கா 118. இவற்றுக்கு நடுவே இந்த வாயில் மட்டும் எந்தக் கட்டடத்துக்கும் வழிவிடாமல் தனியாக நிற்கிறது.

அது புடு சிறைச்சாலையின் முகப்பு வாயில். ஏறக்குறைய 19 ஏக்கர் நிலத்தில் இருந்த ஒரு சிறையில் இன்று நாம் பார்க்கக்கூடிய மிச்சம் அதுதான்.

வாயிலைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள், மகிழ்ச்சி. ஆனால் நாற்பது வயதைத் தாண்டிய கோலாலம்பூர்வாசி யாரிடமாவது புடு ஜெயில் என்று சொல்லிப் பாருங்கள். அவர் வாயிலைப் பற்றிப் பேச மாட்டார். “அந்தச் செவுத்துல படம் வரைஞ்சிருந்தாங்களே!” என்றுதான் தொடங்குவார்.

வெளியே பச்சை, உள்ளே சாம்பல்

இப்போது தெருக்கலை என்றால் பினாங்குதான் நினைவுக்கு வருகிறது. 2012 ஜார்ஜ்டவுன் விழாவின்போது லிதுவேனியாவைச் சேர்ந்த ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச், அர்மேனியன் தெருச் சுவரில் சைக்கிள் ஓட்டும் இரண்டு குழந்தைகளை வரைந்தார். அதன் பிறகு நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் ஏதாவது ஒரு சந்தில் சுவரோவியம் இருக்கிறது, அதன் முன்னால் ஒரு வரிசையும் இருக்கிறது. ஆனால் அதற்குச் சுமார் 30 ஆண்டுகளுக்கு முன்பே, விழாவும் விளம்பரமும் இல்லாமல், கோலாலம்பூர் நடுவில் ஒரு மாபெரும் சுவரோவியம் உருவாகியிருந்தது. அதை வரைந்தவர்கள் கைதிகள்.

1980களில், கோங் யென் சோங் என்ற கைதியின் கைவண்ணத்தில் பிறந்தது அது. சிறையின் வெளிச் சுவரில் மரங்கள், மலைகள், நீர், வானம் என்று ஒரு வெப்பமண்டல நிலம் விரிந்தது. சில நூறு மீட்டர் நீளம். உலகத்திலேயே நீளமான சுவரோவியம் என்று அந்தக் காலத்தில் பெருமையாகப் பேசப்பட்டது. வாகன நெரிசலில் நின்றால், பஸ் ஜன்னல் வழியே ஒரு காடு மெல்ல மெல்ல நகர்வது போல இருக்கும்.

எனக்கு அந்தச் சுவரை நேரில் பார்த்த நினைவு உண்டு. நான் சிறுவனாக இருந்தபோது புடுராயா பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் அது வரும். அம்மா என் காதருகே குனிந்து, “சேட்டை பண்ணுனா இங்கதான் கொண்டு வந்து விட்டுருவாங்க” என்பார். அந்த ஊரில் வளர்ந்த பலருக்கும் இதே எச்சரிக்கை கிடைத்திருக்கும். எனக்கு அப்போது குழப்பம்தான். இவ்வளவு அழகான இடத்துக்குப் போக ஏன் பயப்பட வேண்டும்?

அந்தக் குழப்பத்தில் ஓர் உண்மை இருந்தது. ஓவியம் இருந்தது தெருவைப் பார்த்த பக்கத்தில். உள்ளே அறைகளில் இருந்தவர்களுக்கு அதில் ஓர் இலைகூடத் தெரியாது. கைதிகள் வரைந்த சோலையை ஊரே பார்த்தது, கைதிகளைத் தவிர.

நூறு ஆண்டுச் சுவர்

சிறையின் கதை 1891இல் தொடங்குகிறது. அதற்கு முன் அந்த நிலம் சீனர்களின் இடுகாடு. கட்டி முடித்தது 1895இல். அப்போது சிலாங்கூர் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராக இருந்தவர் சார்ல்ஸ் எட்வின் ஸ்பூனர். மெர்டேக்கா சதுக்கத்தின் எதிரே நிற்கும் சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் 1897இல் எழுந்ததும் அவர் காலத்தில்தான். ஒரே தலைமுறை கட்டிய இரண்டு கட்டடங்கள். ஒன்று அஞ்சலட்டைகளில் இடம்பிடித்தது, மற்றது இடிபட்டது.

மேலிருந்து பார்த்தால் சிறை ஆங்கில எழுத்து எக்ஸ் போல இருக்கும். நான்கு பக்கமும் நீண்ட கட்டடங்கள், நடுவில் அவை சந்திக்கும் இடம். அங்கே நின்றால் சில காவலர்களே எல்லாத் திசைகளையும் கண்காணிக்கலாம். அந்தக் காலச் சிறைக் கட்டடக்கலையின் கணக்கு அது.

1942இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்தபோது, சரணடைந்த பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படைவீரர்களை இங்கேதான் அடைத்தார்கள். அவர்களில் ஒருவரான ஆஸ்திரேலியர் ரஸ்ஸல் பிராடன் பின்னாளில் ‘தி நேக்கட் ஐலண்ட்’ என்ற நூலில் அந்த நாட்களை எழுதினார். இங்கிருந்தவர்களில் பலர் பிறகு சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அந்தப் பாதையில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் எத்தனை பேர் மடிந்தார்கள் என்பதை நம் குடும்பங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பிறகு வந்த பத்தாண்டுகளில் செய்தித்தாள்களில் அடிக்கடி அடிபட்ட பெயர் புடு. கொள்ளைக்காரன் போத்தாக் சின் 1981இல் தூக்கிலிடப்பட்டது இங்கே. போதைப் பொருள் குற்றத்துக்காக பார்லோ, சேம்பர்ஸ் என்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள் 1986 ஜூலையில் தூக்கிலிடப்பட்டபோது உலகமே இந்தச் சுவரைத் தொலைக்காட்சியில் பார்த்தது. அதே ஆண்டு அக்டோபரில் சில கைதிகள், சிறைக்கு வந்த ஒரு மருத்துவரையும் ஓர் ஆய்வகப் பணியாளரையும் ஆறு நாட்கள் பிணை பிடித்து வைத்திருந்தார்கள். இரத்தம் சிந்தாமல் முடிந்த அந்தச் சம்பவத்தை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள், நாள் வாரியாகச் சொல்வார்கள்.

நாம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பெயர்

இந்தச் சிறையோடு நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு தொடர்பு உண்டு. மலாயா கணபதி.

தமிழ்நாட்டில் பிறந்து சிறு வயதிலேயே இங்கே வந்தவர் எஸ்.ஏ. கணபதி. இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர். போருக்குப் பிறகு தொழிலாளர் பக்கம் நின்று, அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானார். சீனரும் இந்தியரும் மலாய்க்காரரும் ஒரே சங்கக் கொடியின் கீழ் நின்ற காலம் அது. 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது, சம்மேளனமும் தடை செய்யப்பட்டது. 1949 மார்ச்சில் துப்பாக்கி வைத்திருந்த குற்றச்சாட்டில் கணபதி கைதானார். அவசரகாலச் சட்டத்தில் அதற்கு மரண தண்டனை. அவரது உயிரைக் காப்பாற்ற நேருவின் அரசாங்கம் வரை முயன்றது, பலிக்கவில்லை. 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முதல் நாள்தான் அவரது தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

அவருடைய அரசியல் பற்றி ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து இருக்கலாம். ஆனால் நம் இளையர்களில் எத்தனை பேர், பேரங்காடிக்குள் நுழையும்போது அந்த மண்ணில் நடந்தது இது என்று தெரிந்து நுழைகிறார்கள்?

காத்திருந்த காலம்

1996இல் கைதிகள் புதிய சுங்கை பூலோ சிறைக்கு மாற்றப்பட்டார்கள். அடுத்த ஆண்டு சில காலம் புடுவைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்கள். பின்னர் கதவு மூடியது. நகரின் நடுவில், புக்கிட் பிந்தாங்கிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இவ்வளவு பெரிய நிலம். அது இடிபடும் என்பது எல்லாருக்கும் தெரியும். எப்போது என்பதுதான் தெரியாது.

அந்தக் காத்திருப்பு 14 ஆண்டுகள் நீண்டது. அந்த ஆண்டுகளில்தான் ஓவியம் மெல்ல வயதானது. நம் நாட்டின் வெயிலும் மழையும் சுவரோவியத்துக்கு நல்லவை அல்ல. பழைய செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரம் வெளியேற முயலும்போது மேலே பூசிய சாயத்தைத் தள்ளும். சாயம் கொப்பளிக்கும், பிறகு செதில் செதிலாக உரியும். வாகனப் புகை மேலே ஒரு கறுப்புத் திரை போடும். பாசி படரும். பராமரிக்க ஆள் இருந்தால் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை பழுது பார்ப்பார்கள். இடிக்கப் போகும் சுவருக்கு யார் சாயம் வாங்குவார்கள்?

ஆனாலும் அந்தக் கடைசி ஆண்டுகளில் அந்த ஓவியத்துக்குத் தனி அழகு இருந்தது என்பேன். வரைந்த மரங்கள் மங்க மங்க, சுவரின் விரிசல்களில் உண்மையான செடிகள் முளைத்தன. தூரத்திலிருந்து பார்த்தால் எது வரைந்தது, எது வளர்ந்தது என்று தெரியாது.

ஜூன் 2010

2010 ஜூன் மாதம் இந்த விஷயம் நாடாளுமன்றம் வரை போனது. சிறையைப் பாரம்பரியக் கட்டடமாகப் பாதுகாக்க முடியுமா என்ற கேள்விக்கு, அது பெருமைப்படத்தக்க ஒன்றல்ல என்ற பொருளில் துணை நிதியமைச்சர் பதில் சொன்னார்.

ஜூன் 21ஆம் தேதி இரவு, சாலையை விரிவாக்கிச் சுரங்கச் சாலை அமைப்பதற்காக, ஜாலான் புடு பக்கச் சுவரை இயந்திரங்கள் இடித்தன. தெருவோரத்தில் மக்கள் கூடி நின்று படம் எடுத்தார்கள். 2012 முடிவதற்குள் உள்ளே இருந்த கட்டடங்களும் போயின. அதே இடத்தில் லாலாபோர்ட் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது.

இடித்ததற்கு நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நெரிசல் உண்மை. நகரின் நடுவே பாழடைந்த சிறையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்வியும் உண்மை. ஆனால் ‘பெருமை’ என்ற அளவுகோல்தான் இடிக்கிறது. அந்தமான் செல்லுலார் சிறையில் என்ன பெருமை இருந்தது? கைதிகளைச் செக்கிழுக்க வைத்த இடம் அது. இன்று தேசிய நினைவிடம். தென்னாப்பிரிக்காவின் ராபன் தீவுச் சிறை உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. நினைவில் வைக்க வேண்டியவை எல்லாம் பெருமைக்குரியவையாகத்தான் இருக்க வேண்டும் என்றால், வரலாற்றுப் பாடத்தில் பாதிப் பக்கங்களைக் கிழிக்க வேண்டியிருக்கும்.

ஒரு தொலைபேசி அழைப்பு

இதையெல்லாம் நான் எழுதக் காரணம் ஓர் அம்மா. வானொலியில் ஒரு காலை நிகழ்ச்சியில், ‘இப்போது இல்லாத எந்தக் கட்டடம் உங்கள் மனத்தில் இன்னும் நிற்கிறது?’ என்று நேயர்களைக் கேட்டிருந்தேன். பழைய திரையரங்குகள், தோட்டத்துப் பள்ளிகள், இடம் மாறிய கோயில்கள் என்று வழக்கமான பதில்கள் வந்தன. நிகழ்ச்சி முடிந்த பிறகு ஓர் அழைப்பு. ஒலிபரப்ப வேண்டாம், பெயரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பேசினார்.

“தம்பி, புடு ஜெயில் செவுரு இருந்துச்சே, அதத்தான் சொல்ல நெனச்சேன். ரேடியோவுல சொல்ல ஒரு மாதிரி இருந்துச்சு.”

“சொல்லுங்கம்மா, நான் மட்டும்தான் கேக்குறேன்.”

“எங்கண்ணன் ரெண்டு வருஷம் உள்ள இருந்தாரு. மாசா மாசம் அம்மாவும் நானும் பஸ் ஏறிப் போவோம். அந்தப் படம் போட்ட செவுரு ஓரமாத்தான் நடப்போம். உள்ள போனதும் அம்மா அவருகிட்ட, ‘வெளிய எவ்ளோ அழகா வரைஞ்சிருக்காங்க தெரியுமா, மரம், மலை எல்லாம்’னு சொல்லுவாங்க. வேற என்னத்தப் பேசுறது? அவரும் சிரிப்பாரு. ‘நீங்க பாருங்கம்மா, எனக்கு இங்கேருந்து தெரியாது’ம்பாரு.”

சிறிது நேரம் பேச்சு நின்றது.

“விடுதலையான அன்னிக்கு டாக்சி பிடிச்சு வச்சிருந்தோம். ஏறுங்கண்ணேன்னா, இருன்னு சொல்லிட்டு அந்தச் செவுரு முழுக்க நடந்தாரு தம்பி. ஒவ்வொரு மரமா பாத்தாரு. அப்புறந்தான் வண்டியில ஏறுனாரு. வீட்டுக்கு வந்ததுக்கப்புறம் ஜெயிலப் பத்தி ஒரு வார்த்த பேசுனதில்ல. நாங்களும் கேக்கல. சொந்தக்காரங்களுக்கே தெரியாது, சிங்கப்பூர்ல வேலைன்னு சொல்லி வச்சிருந்தோம்.”

சுவர் இடிபட்டபோது அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“டிவியில காட்டுனாங்க. பாத்துக்கிட்டே இருந்தாரு, ஒண்ணும் சொல்லல. இப்ப அவரும் இல்ல. ஜெயில இடிச்சது சரிதான் தம்பி, அது எதுக்கு? செவுர விட்டிருக்கலாம்.”

கட்டடக்கலை நிபுணர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் பேசியதை எல்லாம் படித்திருக்கிறேன். இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. அந்தக் குடும்பத்துக்கு அந்த இரண்டு ஆண்டுகளில் வாய்விட்டுப் பேசக்கூடியதாக இருந்தது சுவரிலிருந்த அந்த மரங்கள் மட்டுமே. பெருமைக்குரியதல்ல என்று சொல்லி இடித்த சுவர், வெட்கத்தில் வாயடைத்துப் போன ஒரு குடும்பத்துக்குப் பேச்சுத் துணையாக இருந்திருக்கிறது.

எல்லாச் சுவரும் நிலைக்காது

தெருவில் வரைவது அழியும் என்பது வரைபவர்களுக்கே தெரியும். சிலவற்றை மழை கரைக்கும். சிலவற்றை அதிகாரிகள் வெள்ளையடிப்பார்கள். 2013இல் ஜொகூர்பாருவில் சக்கரேவிச் வரைந்த லெகோ பொம்மை ஓவியத்தில், மூலைக்கு அந்தப் பக்கம் கத்தியோடு ஒரு திருடன் காத்திருப்பான். ஊருக்குக் கெட்ட பெயர் என்று கருதி மாநகர் மன்றம் சில நாட்களிலேயே அதை அழித்தது. ஆனால் அதற்குள் ஊரே படம் எடுத்து வைத்துவிட்டது. இன்று தேடினாலும் அந்த ஓவியம் கிடைக்கும்.

புடு சுவருக்கு அந்தக் கொடுப்பினை பாதிதான் வாய்த்தது. அது புதிதாக ஒளிர்ந்த காலத்தில் யார் கையிலும் கைப்பேசி இல்லை. சிறை வாசலில் நின்று குடும்பப் படம் எடுத்துக்கொள்ள யாருக்கும் மனமும் வந்திருக்காது. நமக்குக் கிடைக்கும் படங்களில் பெரும்பாலானவை அது மங்கிப்போன கடைசி நாட்களில் எடுத்தவை.

இதிலிருந்து நமக்கு ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊரிலும் காலி செய்யப்பட்ட ஒரு கடைவீட்டு வரிசையோ, பழைய அடுக்குமாடியோ, திரையரங்கோ காத்திருக்கும். யாரோ வரைந்த படம், பழைய தமிழ்ப் பெயர்ப்பலகை, கடைக்காரர் கையால் எழுதிய விலைப்பட்டியல் என்று ஏதாவது சுவரில் இருக்கும். வெளியே நின்றே படம் எடுங்கள். இடிபடக் காத்திருக்கும் கட்டடத்துக்குள் போவது ஆபத்து, சட்டப்படியும் தவறு. தெரு பெயரையும் தேதியையும் குறித்து வையுங்கள். அது போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நடை

குடும்பத்தோடு போக விரும்புவோருக்கு ஒரு சிறிய வழி. காலையில் ஹாங் துவாவில் இறங்கி முதலில் அந்த வாயிலைப் பாருங்கள். பிறகு ஜாலான் புடு பக்கம் போய், வண்டிகள் பறக்கும் சாலையைக் காட்டி, இங்கே ஒரு காடு இருந்தது என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். மீண்டும் எல்.ஆர்.டி. ஏறினால் ஒரே நிறுத்தம், பிளாசா ரக்யாட். அங்கிருந்து பெட்டாலிங் ஸ்திரீட் நடந்து போகும் தூரம். அதன் அருகே, 2019இல் புதுப்பித்துத் திறந்த குவாய் சாய் ஹோங் சந்தில் அந்தக் கால அன்றாட வாழ்க்கையைச் சொல்லும் சுவரோவியங்கள் இருக்கின்றன. பழைய கட்டடத்தை இடிக்காமலும் ஒரு தெருவை உயிர்ப்பிக்கலாம் என்பதற்கு நல்ல உதாரணம் அது. ஜாலான் துன் எச்.எஸ். லீயில் உள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, பக்கத்திலேயே பசியாறலாம்.

முடிந்தால் வீட்டுப் பெரியவர் ஒருவரையும் அழைத்துச் செல்லுங்கள். சாப்பிட உட்கார்ந்ததும், ஜாலான் புடு வழியாக எந்த பஸ்ஸில் போவீர்கள், ஜன்னலில் என்ன தெரியும் என்று மட்டும் கேளுங்கள். மீதியை அவர்களே சொல்வார்கள்.